ஒரே தசை, வேறு பிடிமானம்: மனிதத் தோளையும் சிம்பன்சியின் தோளையும் பக்கத்தில் பக்கத்தில் பிரித்துப் பார்க்க

சிம்பன்சியின் கழுத்துப் பக்கத்தில் தோலையும் கொழுப்பையும் நீக்கியதும், கழுத்திலிருந்து முதுகு வரை விரியும் ட்ரெப்பீசியஸ் தசையின் முன்விளிம்புக்கு அடியில் நாடா போல ஒரு தசை சரிந்து இறங்குவது தெரியும். கழுத்தின் முதல் எலும்பில் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் முனையிலிருந்து புறப்பட்டு, காறை எலும்பின் வெளிப்பகுதியில் வந்து ஒட்டும். பெயர் அட்லான்டோகிளாவிகுலாரிஸ். மனித உடலை மட்டுமே பிரித்துப் பழகிய கை இதைத் தேடாது. கொழுப்போடு சேர்த்து வழித்துவிடும், இல்லாவிட்டால் லெவேட்டர் ஸ்கேப்புலே என்று சீட்டு கட்டிவிடும். கிப்பன், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி எல்லாவற்றிலும் இந்தத் தசை உண்டு. மனிதரில் வழக்கமாக இல்லை. நூற்றில் இரண்டு மூன்று பேரிடம் மட்டும் காணப்படும். அப்படி ஒருவருக்குக் கழுத்தில் சிடி ஸ்கேன் எடுக்கும்போது, வீங்கிய நிணநீர்க் கணுவோ என்று ஐயப்பட வைப்பதும் இதுதான்.

குழப்பம் தீர வழி எளிது. நடுவில் பார்த்துப் பெயர் வைக்காமல் இரண்டு முனைகளையும் பிடிக்க வேண்டும். லெவேட்டர் ஸ்கேப்புலே தோள்பட்டை எலும்பின் மேல்மூலைக்குப் போகும். இது காறை எலும்புக்குப் போகும். தொடங்கும் இடத்தில் இரண்டும் அருகருகே இருப்பதால் மேல்முனையை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். அதனால் காறை எலும்பிலிருந்து மேல்நோக்கித் துலக்கிப் போவதே நல்லது.

இதுவும், பின்னால் சொல்லப்போகும் இன்னொரு தசையும்தான் வாலில்லாக் குரங்குகளின் தோளில் உறுதியாக இருந்து நம்மிடம் பெரும்பாலும் இல்லாதவை. மற்றபடி பட்டியல் ஒன்றேதான். தோளை மூடும் டெல்டாய்டு அங்கேயும் இருக்கிறது, தோள்மூட்டைச் சுற்றிப் பிடிக்கும் ரொட்டேட்டர் கஃபின் நான்கு தசைகளும் (சூப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ்) இருக்கின்றன, விலாக்களிலிருந்து தோள்பட்டை எலும்புக்குப் போகும் செர்ராட்டஸ் ஆன்டீரியர் இருக்கிறது. 1698-ல் லண்டனில் இறந்த ஓர் இளம் சிம்பன்சியைப் பிரித்துப் பார்த்து மறு ஆண்டு வெளியிட்ட எட்வர்ட் டைசன், அது மனிதனை ஒத்திருக்கும் கூறுகள் 48, குரங்குகளை ஒத்திருக்கும் கூறுகள் 34 என்று கணக்கிட்டார். வியப்பு அந்த ஒற்றுமையில் தொடங்குகிறது. ஆனால் ஒப்பீட்டின் பயன் அதைத் தாண்டினால்தான் கிடைக்கும்: அதே தசை எங்கே பிடிக்கிறது, எந்தத் திசையில் இழுக்கிறது, மொத்தத்தில் எவ்வளவு பங்கு. மூன்றையும் கத்தி வைக்கும் முன்பே குறித்தாக வேண்டும். அறுத்த பிறகு எடை மட்டும்தான் கையில் மிஞ்சும்.

தமிழில் எழுதும்போது ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. ‘குரங்கு’ என்றாலே நமக்குக் கண்முன் வருவது நாட்டுக்குரங்கு. அது வாலுள்ள மக்காக் இனம். அதன் மார்புக்கூடு பக்கவாட்டில் ஒடுங்கியது, தோள்பட்டை எலும்பு மார்பின் பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும், கை முன்னும் பின்னும் வீசி நடப்பதற்கு ஏற்றது. கிப்பன் முதல் கொரில்லா வரையிலான வாலில்லாக் குரங்குகளுக்கும் நமக்கும் மார்பு அகன்றது, தோள்பட்டை எலும்பு முதுகுப்பக்கம் வந்துவிட்டது. ஆகவே மக்காக்கின் தோளைப் பார்த்து ‘குரங்கின் தோள் இப்படி’ என்று சொல்லிவிட்டு அதைச் சிம்பன்சிக்கும் ஏற்றினால் ஒப்பீடு முதல் வரியிலேயே கோணலாகிவிடும்.

உடல் எங்கிருந்து கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. எல்லா வாலில்லாக் குரங்குகளும் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் (CITES) முதல் இணைப்பில் உள்ளவை. இந்தியாவில் காட்டில் வாழும் ஒரே வாலில்லாக் குரங்கான ஹூலாக் கிப்பன், வடகிழக்கில், அசாமின் ஹோல்லோங்காபார் சரணாலயம் போன்ற இடங்களில் இருக்கிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. எனவே ஆய்வுக்கு வருபவை பெரும்பாலும் விலங்குக்காட்சி சாலைகளில் இயல்பாக இறந்தவை, அதுவும் உரிய அனுமதியோடு. அவற்றில் சில குறைகள் கூடவே வரும். இறப்பின் காரணம் அறிய மார்பைத் திறந்திருப்பார்கள். அந்த வெட்டில் பெரிய மார்புத்தசையான பெக்டொராலிஸ் மேஜரும் செர்ராட்டஸின் முன்பகுதியும் போயிருக்கும். முன்கூட்டியே பேச முடிந்தால், ஒரு பக்கத் தோளைத் தொடாமல் விடும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேண்டுகோள் பாதி ஆய்வைக் காப்பாற்றும். வயது முதிர்ந்த, பருத்த, கூண்டில் அதிகம் ஏறாத விலங்கின் தசை காட்டு விலங்கின் தசை அல்ல. வயது, பால், உடல் எடை, வாழ்ந்த விதம் நான்கையும் ஒவ்வொரு அட்டவணையிலும் எண்களுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

காசநோயும் ஹெப்படைட்டிஸ் பி-யும் நமக்கும் அவற்றுக்கும் பொது. இரட்டைக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் உறைபனி நீங்கிய உடலைத் தொடக் கூடாது.

மைனஸ் 20 டிகிரியில் உறைந்த கையை, தோளோடு சேர்த்து, 4 டிகிரியில் இரண்டு நாளாவது வைத்து இளக விட வேண்டும். முழு உடலென்றால் இன்னும் பல நாள். அவசரப்பட்டு வெந்நீரிலோ வெளியிலோ வைத்தால் தோலடி கெடத் தொடங்கும். அக்குள் மட்டும் பனிக்கட்டியாகவே இருக்கும். அக்குளுக்குள் விரலை அழுத்தி, கடினமான உருண்டை எதுவும் தட்டாவிட்டால்தான் தொடங்கலாம். வேலை நடக்கும்போது திறந்த பகுதியை உப்புநீரில் நனைத்த துணியால் மூடியே வையுங்கள். மின்விசிறிக் காற்றில் மெல்லிய தசைகள் உலர்ந்து எடை இழக்கும். முதலில் எடுத்த தசைக்கும் கடைசியில் எடுத்த தசைக்கும் இடையே வெறும் ஈரப்பத வேறுபாடு உருவாகிவிடும்.

குப்புறப் படுக்க வைத்து முதுகிலிருந்து தொடங்குங்கள். ட்ரெப்பீசியஸை விரிப்பதற்கு முன் தோளின் இருப்பையே பாருங்கள். நம்மிடம் தோள் தாழ்ந்து, காறை எலும்பு ஏறத்தாழக் கிடையாக, கழுத்து நீண்டு தெரியும். சிம்பன்சியில் தோள் காதருகே ஏறி நிற்கும். காறை எலும்பு வெளிப்பக்கமாக மேலே சரிந்து போகும். தோள்பட்டை எலும்பின் கிண்ணக்குழி நம்மிடம் பக்கவாட்டைப் பார்க்கிறது, அங்கே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பெயர் மாறாமலே ஒவ்வொரு தசையின் இழுதிசையும் மாறுவதற்கு இந்தச் சாய்வு ஒன்றே போதும்.

தோள்பட்டை எலும்பை உடலிலிருந்து விடுவித்த பிறகு இந்தச் சாய்வை மீட்கவே முடியாது. எல்லாரும் தவறுவது இங்கேதான். ஒவ்வொரு தசையாகத் தனியே எடுத்துத் தட்டில் வரிசைப்படுத்தும் ஆர்வத்தில், எலும்பு எந்தக் கோணத்தில் இருந்தது என்பது குறிப்பேட்டில் இருக்காது. செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. தசையின் தொடக்கப் பரப்பின் நடுவில் ஒரு குண்டூசி, ஒட்டும் பரப்பின் நடுவில் ஒரு குண்டூசி, இரண்டுக்கும் நடுவே தொய்வில்லாமல் வண்ண நூல். டெல்டாய்டின் மூன்று பகுதிக்கும் மூன்று நூல், ட்ரெப்பீசியஸுக்கு மூன்று. பிறகு முதுகு, பக்கம், மேல் என மூன்று பக்கமிருந்தும் அளவுகோல் வைத்துப் படம். கை எந்த நிலையில் இருந்தது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். மனித உடலிலும் இதே நிலை, இதே மூன்று படம். அப்போதுதான் நூல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

ட்ரெப்பீசியஸை நடுக்கோட்டிலிருந்து விடுவித்துப் புரட்டினால், முதுகெலும்பிலிருந்து தோள்பட்டை எலும்புக்குப் போகும் ராம்பாய்டு. மனிதரில் மேஜர், மைனர் என்று பெயரளவில் இரண்டு. வாலில்லாக் குரங்குகளில் பெரும்பாலும் ஒரே விரிப்பு; நம் பாடநூலை நினைத்துக்கொண்டு வலிந்து இரண்டாக்க வேண்டாம். ஒராங்குட்டானில் அதன் மேற்பகுதி மண்டையோட்டின் பின்புறம் வரை ஏறும். அதனால் ஒராங்கின் கழுத்தை அறுக்கும்போது, ராம்பாய்டு முழுவதும் வெளிப்பட்ட பிறகே தலையைப் பிரிக்க வேண்டும்.

கீழ்முதுகிலிருந்து மேற்கைக்குப் போகும் அகன்ற தசையான லாட்டிஸ்ஸிமஸ் டோர்சையின் தசைநாண் அக்குளைக் கடக்கும் இடத்தில் மெதுவாகப் போக வேண்டும். அங்கிருந்து ஒரு தசை பிரிந்து, கையின் உட்புறமாக, மேற்கையின் பின்புறத் தசையான ட்ரைசெப்ஸின் நீண்ட தலையை ஒட்டியே முழங்கைப் பக்கம் இறங்கும். நான் மேலே சொன்ன இன்னொரு தசை இதுதான்: டோர்சோஎபிட்ராக்லியாரிஸ். எல்லா வாலில்லாக் குரங்குகளிலும் உண்டு. மனிதரில் வழக்கமாக நார்த்திசுப் பட்டையாகச் சுருங்கிவிட்டது, அரிதாகச் சதையாகவே வரும். ட்ரைசெப்ஸின் மேல்திசுவைச் சுத்தம் செய்யும்போது அதோடு சேர்ந்து கிழிந்துபோவதும், ட்ரைசெப்ஸின் எடையில் கலந்துவிடுவதும் சகஜம். லாட்டிஸ்ஸிமஸின் நாணை முதலில் விரலால் தூக்கிப் பிடித்து, அதன் கீழ்விளிம்பிலிருந்து கைக்குப் போகும் எதையும் நூலால் கட்டி அடையாளமிட்ட பிறகே ட்ரைசெப்ஸுக்குப் போங்கள். இந்தத் தசைக்கு நரம்பு, ரேடியல் நரம்பின் கிளையிலிருந்து வரும். லாட்டிஸ்ஸிமஸுக்கு வரும் நரம்பு வேறு. பார்வைக்கு லாட்டிஸ்ஸிமஸின் வால் போலத் தெரிந்தாலும் அது தனித் தசை என்பதற்கு அந்த நரம்பே சான்று.

மல்லாக்கப் போட்டால் மார்புப்பக்கம். மனிதரில் பெக்டொராலிஸ் மைனர், தோள்பட்டை எலும்பில் கொக்கி போல் துருத்தி நிற்கும் கொரகாய்டு முனையில் முடிகிறது. சிம்பன்சியில் அதன் நாண் கொரகாய்டைத் தாண்டித் தோள்மூட்டின் மேல்தசைநார் வரை போவதைக் காணலாம். மனிதரிலும் சிலரிடம் இப்படி உண்டு. கொரகாய்டில் நின்றுவிட்டது என்று எண்ணி அங்கேயே வெட்டினால் இந்த நீட்சி மூட்டில் தங்கி, பிறகு மூட்டுறையின் பகுதி என்று எண்ணப்படும். ஒராங்குட்டானில் பெக்டொராலிஸ் மேஜரின் காறை எலும்புப் பகுதி பொதுவாக இல்லை. தேடிக் கிடைக்காவிட்டால் உங்கள் கத்தியைக் குறை சொல்ல வேண்டாம். கிப்பனில், மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸின் குறுந்தலை கொரகாய்டிலிருந்து வருவதில்லை. மேற்கை எலும்பிலிருந்தும் பெக்டொராலிஸ் மேஜரின் நாணிலிருந்தும் தொடங்குகிறது. அதனால் அங்கே பெக்டொராலிஸின் நாணை எலும்போரமாக வெட்டி எடுத்தால் பைசெப்ஸும் கூடவே வந்துவிடும். கிப்பனின் கையில் தசைகள் சங்கிலிபோலக் கோத்திருக்கின்றன. ஒன்றைப் பிரிக்கும் முன் அடுத்ததைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செர்ராட்டஸ் ஆன்டீரியர் மனிதரில் மேல் 8 அல்லது 9 விலாக்களிலிருந்து வரும். சிம்பன்சிக்கு விலா 13 ஜோடி. தசை நம்மைவிடக் கீழேயும் இறங்கும். விலாக்களை மேலிருந்து எண்ணுங்கள், கீழிருந்து வேண்டாம்.

ரொட்டேட்டர் கஃப் பக்கம் வரும்போது பொறுமை இரட்டிப்பாக வேண்டும். டெல்டாய்டின் பின்பகுதிக்கும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸுக்கும் இடையில் தடித்த வெண்திசு இருக்கும். அதை டெல்டாய்டோடு விட்டால் டெல்டாய்டு கனக்கும், கீழே விட்டால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் கனக்கும். எங்கே விடுவது என்பதை ஒருமுறை முடிவு செய்து எல்லா உடல்களிலும் அதையே பின்பற்ற வேண்டும். இரண்டிலும் சேராமல் வழித்து எடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரஸ் மைனரும் பல நேரம் ஒட்டியே இருக்கும். இழையின் திசையை நம்பிப் பிரித்தால் ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு எடை வரும். நரம்பைத் தேடுங்கள்: சூப்ராஸ்கேப்புலர் நரம்பு போவது இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், ஆக்ஸிலரி நரம்பின் கிளை போவது டெரஸ் மைனர். இரண்டு கிளைகளையும் பிடித்துக்கொண்டு அவற்றின் நடுவே கத்தியின் மொட்டைப் பக்கத்தால் பிரித்தால் எல்லை தானே திறக்கும்.

வெளிநாண், கொழுப்பு நீக்கி, ஈரத்தை ஒற்றியெடுத்து, 0.1 கிராம் வரை காட்டும் தராசில் எடை. மனிதரில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுகள்: சப்ஸ்கேப்புலாரிஸ் சுமார் 102 கிராம், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் 78, சூப்ராஸ்பைனேட்டஸ் 34, டெரஸ் மைனர் 21. நான்கும் சேர்ந்தால் 235. அதில் சப்ஸ்கேப்புலாரிஸின் பங்கு 43 சதவீதம், சூப்ராஸ்பைனேட்டஸின் பங்கு 14 சதவீதத்துக்குச் சற்று மேல். உடல் அளவு வேறான விலங்குகளை ஒப்பிடும்போது கிராமை விட்டுவிட்டு இந்தப் பங்கைத்தான் ஒப்பிட வேண்டும். சிம்பன்சியின் கிராமை மனிதரின் கிராமோடு நேராக வைத்து ‘பெரிது, சிறிது’ என்பது பொருளற்றது.

எடையிலிருந்து விசைக்குப் போக இழையின் நீளம் வேண்டும். தசையின் விசையைக் காட்டுவது அதன் இழைகளின் மொத்தக் குறுக்குப்பரப்பு. அதற்கான சூத்திரம் இதுதான்: எடையை இழைச்சாய்வின் கொசைனால் பெருக்கி, அடர்த்தியையும் இழை நீளத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். சப்ஸ்கேப்புலாரிஸ் 102 கிராம், சாய்வு 15 டிகிரி, இழை நீளம் 6 செ.மீ., அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.06 கிராம் என்றால் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 15.5 சதுர செ.மீ. இழை நீளத்துக்குப் பதில் தசையின் முழு நீளத்தை, உதாரணத்துக்கு 15 செ.மீ., போட்டுவிட்டால் விடை 6.2 ஆகிச் சுருங்கிவிடும். தசை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளலாம். அதன் இழைகள் அப்படி நீள்வதில்லை. டெல்டாய்டின் நடுப்பகுதி போல் பலசாய்வாக இழைகள் அடுக்கிய தசையில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். ஃபார்மலினில் ஊறிய தசைக்கு அடர்த்தி 1.11 அளவுக்கு ஏறும். ஒரு விலங்கு உறைபனியிலிருந்தும் இன்னொன்று ஃபார்மலினிலிருந்தும் வந்திருந்தால், இதைக் கவனிக்காமல் 5 சதவீத வேறுபாட்டை இனவேறுபாடு என்று எழுதிவிடுவோம்.

கை மேலே தூக்கிய நிலையில் விறைத்ததா, உடலோடு ஒட்டி விறைத்ததா என்பதைப் பொறுத்தும் இழை நீளம் மாறும். இதைச் சரிசெய்ய, தசையின் மூன்று முதல் ஐந்து இடங்களில் சிறு கற்றை எடுத்து, பதப்படுத்தி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இணைப்புத்திசு இளகும்வரை வைத்து, இழைகளைப் பிரித்து, லேசர் ஒளிச்சிதறலால், இழைக்குள் சுருங்கும் மிகச்சிறு அலகான சார்க்கோமியரின் நீளத்தை அளப்பார்கள். அமில வேலை புகைப்பெட்டிக்குள் மட்டுமே. அளந்த இழை 6 செ.மீ., சார்க்கோமியர் 3.2 மைக்ரோமீட்டர் என்றால், மனிதத் தசையின் உகந்த நீளமான 2.7-க்குத் திருத்தினால் இழை 5.1 செ.மீ. தான்.

குறுக்குப்பரப்பு ஒன்றாயிருந்தால் வலுவும் ஒன்றாகிவிடாது. 2017-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று சிம்பன்சியின் தசைகளில் சுமார் 67 சதவீதம் வேக இழைகள் என்று கண்டது. மனிதரில் மெது இழைகளே மிகுதி. ஒரே வகை இழைகளைத் தனியே எடுத்து ஒப்பிட்டால் விசையில் பெரிய வேறுபாடு இல்லை. இழைக்கலவையாலும் இழை நீளத்தாலும் சேர்ந்து சிம்பன்சித் தசையின் இயங்குவிசையும் திறனும் நம்முடையதைவிட 1.35 மடங்கு என்பது அவர்கள் கணக்கு. ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று பேசப்படுவதை இனியாவது விட்டுவிடலாம்.

மேசையில் கண்டதை வைத்துத் தசை உயிரோடு என்ன செய்தது என்று முடிவு கட்டும் பழக்கம்தான் மிகவும் வருத்தம் தருவது. ட்ரெப்பீசியஸின் மேற்பகுதியும் செர்ராட்டஸின் கீழ்ப்பகுதியும் சேர்ந்து தோள்பட்டை எலும்பைச் சுழற்றிக் கையைத் தூக்குகின்றன என்பது மனித உடற்கூறில் பால பாடம். கையை எப்போதும் தூக்கித் தொங்கும் விலங்குக்கு அந்த மேற்பகுதி வலுவாக வேலை செய்யும் என்றே எல்லாரும் எண்ணினார்கள். அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் சூசன் லார்சன், ஜாக் ஸ்டெர்ன், வில்லியம் ஜங்கர்ஸ் மூவரும் உயிருள்ள சிம்பன்சிகளின் தசைக்குள் மெல்லிய கம்பி மின்முனைகளை வைத்து, 1991-ல் வெளியிட்ட முடிவு வேறு: சிம்பன்சி கையைத் தூக்கும்போது செர்ராட்டஸின் கீழ்ப்பகுதி உழைக்கிறது, ட்ரெப்பீசியஸின் மேற்பகுதிக்கு அதில் பெரிய பங்கு இல்லை, அது தலையைத் திருப்புவதோடு தொடர்புடையது. தோள் ஏற்கனவே மேலேறி நிற்கும் உடலில் அந்த இழைகளின் இழுதிசை நம்முடையதல்ல என்பதை நூல்களோடு எடுத்த படம் காட்டும். ஆனால் படம் மட்டும் இருந்திருந்தால் யாரும் இந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டார்கள். லார்சனும் ஸ்டெர்னும் 1986-ல் வெளியிட்ட பதிவில், கையால் தொங்கும்போது மூட்டு விலகாமல் பிடித்துக்கொள்ளும் வேலையில் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் ஈடுபடுவதும் தெரிந்தது. நாம் அதை ‘வெளிச்சுழற்றி’ என்ற ஒற்றைப் பெயரில் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

உடல் கிடைக்காத மாணவர்களுக்கு எலும்பு வழி இருக்கிறது. மார்ஃபோசோர்ஸ் இணையக் களஞ்சியத்தில் தோள்பட்டை எலும்புகளின் முப்பரிமாணக் கோப்புகள் கிடைக்கின்றன. சிம்பன்சியின் எலும்பு நீண்டு ஒடுங்கியது, நடுமுகடு சாய்ந்து ஓடும். நம்முடையதில் முகட்டுக்குக் கீழ்ப்பள்ளம் அகன்றது. முகட்டுக்கும் கிண்ணக்குழிக்கும் இடையிலான கோணத்தையும், முகட்டின் மேல்பள்ளம், கீழ்ப்பள்ளம் இரண்டின் பரப்பையும் அளக்கலாம். எத்தியோப்பியாவின் டிக்கிகாவில் கிடைத்த 33 லட்சம் ஆண்டு பழைய ஆதிமனித இனக் (ஆஸ்ட்ரலோபித்தெகஸ்) குழந்தையின் தோள்பட்டை எலும்பை ஆராய்ந்தவர்களும் இத்தகைய அளவுகளைக் கொண்டுதான் அது வாலில்லாக் குரங்குகளை ஒத்த மேல்நோக்கிய குழியுடையது என்று 2012-ல் காட்டினார்கள். ஆனால் பள்ளத்தின் பரப்பைத் தசையின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தசை பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிப் புடைத்தும் இருக்கும், உள்ளே மெலிந்தும் இருக்கும்.

உடல் கிடைத்தவர்கள், தசைகளை எடுத்து முடித்ததும் எலும்பை உடனே கொதிக்க வைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு தசையும் பிடித்திருந்த தடத்தின் ஓரத்தை இந்தியன் மையால் சுற்றி வரைந்து, படமெடுத்து, பிறகு சுத்தம் செய்யுங்கள். ஒட்டிய நார் ஈரமாக இருக்கும்போது அந்த ஓரம் கண்ணாடிபோல் தெரியும். காய்ந்த எலும்பில் அதைத் தேடினால் பாதிக்கு மேல் ஊகம்தான்.